செஞ்சியின் சம்பளக் கணக்கு

செஞ்சிக் கோட்டை என்றதும் தமிழ் வாசகரின் மனத்தில் முதலில் எழுவது தேசிங்கு ராஜனின் கதை. அவன் குதிரை, அவன் இஸ்லாமியத் தோழன், அவனுக்குப்பின் தீப்பாய்ந்த அவன் மனைவி என்று கதைப்பாடல் நமக்குக் கொடுத்த சித்திரங்கள் அழியாதவை. கோட்டையை நேரில் கண்டவர்களுக்கு ராஜகிரியின் செங்குத்தான பாறையும் கல்யாண மகாலின் அடுக்குகளும் பெரிய நெற்களஞ்சியங்களும் நினைவுக்கு வரலாம். 2025 ஜூலையில் மராத்தியர் கால இராணுவ அமைப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான்.

மதில்களைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியும் நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அம்மதிலின்மேல் இரவு முழுதும் விழித்து நின்றவனுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்ற கேள்வியை அரிதாகவே எழுப்பியிருக்கிறோம்.

ஊதியத்துக்கு உழைக்கும் எவரும் கேட்கும் கேள்விகள் மூன்று. என்ன சம்பளம்? அதற்குமேல் என்ன கிடைக்கும்? எந்த ஊரில் வேலை? இன்று ஒரு விமான நிறுவனத்தில் சேரப்போகும் இளம் விமானி கேட்பதும் இவற்றைத்தான். பதினேழாம் நூற்றாண்டில் செஞ்சி மலையில் ஏறிய படைவீரன் கேட்டதும் இவற்றைத்தான். 1677 முதல் 1714 வரையிலான முப்பத்தேழு ஆண்டுகளில் இக்கேள்விகளுக்குச் செஞ்சி மூன்று வெவ்வேறு விடைகளைக் கண்டது. கோட்டையின் தலைவிதியைப் பீரங்கிகள் தீர்மானித்த அளவுக்கு இந்த விடைகளும் தீர்மானித்தன என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

சோறும் நிலமும்

படைவீரனுக்கு அரசன் என்ன தருகிறான் என்பது தமிழ் மரபுக்குப் புதிய வினா அன்று. புறத்திணையின் துறைகளை ஊன்றிப் படிப்பவர்கள் அவற்றுள் ஒரு ஊதியப் பட்டியலே மறைந்திருப்பதைக் காணலாம். போருக்குமுன் வீரர்க்கு அரசன் விருந்தளிப்பது பெருஞ்சோற்று நிலை. கவர்ந்துவந்த ஆநிரையைப் பங்கிட்டுக் கொடுப்பது பாதீடு. வீரத்தைப் பாராட்டி அரசன் வழங்கும் சிறப்பு மாராயம். ஏனாதி என்ற பட்டத்துக்கு மோதிரமும் உண்டு. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை வழியாகச் செங்கம் வரை சென்றால், ஆநிரைப் போர்களில் மாண்டவர்களுக்கு எடுத்த பல்லவர் கால நடுகற்களைக் காணலாம். போரில் விழுந்தவனின் குடும்பத்துக்கு விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று குறிக்கின்றன. இன்றைய மொழியில் சொன்னால் சம்பளம், ஊக்கத்தொகை, விருது, குடும்ப ஓய்வூதியம் ஆகிய நான்கும் இச்சொற்களில் அடங்கிவிடுகின்றன.

சம்பளம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பது வழக்கில் சொல்லப்படும் விளக்கம். வழிநடைக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவைக் குறிக்கும் 'சம்பல' என்ற வடசொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவாரும் உளர். எவ்வழியே வந்தாலும் அச்சொல்லில் சோற்றின் மணம் இருக்கிறது.

சோழர், பாண்டியர் காலத்தில் படைக்கு விட்ட நிலம் படைப்பற்று எனப்பட்டது. விஜயநகரக் காலத்தில் அது அமரம் என்ற பெயரில் ஒரு பேரமைப்பாக வளர்ந்தது. நிலத்தின் வருவாயை நாயக்கர் அனுபவிப்பார். அதற்கு ஈடாகக் குறித்த எண்ணிக்கையில் படை வைத்திருப்பார். பேரரசருக்குத் திறையும் செலுத்துவார். செஞ்சி நாயக்கர்கள் இந்த அமைப்பில் எழுந்தவர்களே. நிலத்தைக் கையில் கொடுத்துப் படையைக் கேட்கும் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. மத்திய அரசு வலுவாக இருக்கும்வரை நாயக்கர் ஊழியர். அது தளர்ந்த மறுநாள் அவரே அரசர். விஜயநகரம் சரிந்தபின் நிகழ்ந்தது அதுதான். பிறகு 1649 வாக்கில் பிஜாப்பூர் சுல்தானின் படை செஞ்சியைக் கைப்பற்றியது.

ரொக்கம்

1677இல் தென்னாட்டுப் படையெடுப்பின்போது சிவாஜி பிஜாப்பூர்க்காரர்களிடமிருந்து செஞ்சியைப் பெற்றார். பெற்ற கையோடு மதில்களையும் அகழியையும் புதுப்பிக்கத் தொடங்கினார். அதைவிட முக்கியமாக, கோட்டையில் தம்முடைய நிர்வாக முறையை நிறுவினார்.

அம்முறையின்படி கோட்டை ஒருவர் பொறுப்பில் இருப்பதில்லை. ஹவல்தார், சப்னீஸ், சர்னோபத் என்று ஒத்த தகுதியுள்ள மூவர் இருப்பர். வாயிற்சாவி ஹவல்தாரிடம் இருக்கும். ஆட்பட்டியலும் சம்பளக் கணக்கும் சப்னீஸின் பொறுப்பு. காவற்படை சர்னோபத்திடம். களஞ்சியத்துக்கும் பண்டங்களுக்கும் கார்கானீஸ் என்ற அதிகாரி தனியே உண்டு. இவர்களை வெவ்வேறு சாதியினரிலிருந்து தேர்ந்தெடுப்பதும் வழக்கம். ஒருவர் விலைபோனாலும் மற்றவர் கண்காணிப்பார் என்பது ஏற்பாட்டின் உட்கிடை. ஒரே கோட்டையில் ஒருவரை நெடுங்காலம் விட்டுவைப்பதும் இல்லை. குறித்த கால இடைவெளியில் இடமாற்றம் உண்டு. கோட்டை என்பது பணியிடம். அது யாருக்கும் பரம்பரைச் சொத்து ஆகிவிடக் கூடாது.

சம்பளம் பெரும்பாலும் காசாகவே கொடுக்கப்பட்டது. மராத்தியர் ஹொன் என்றது நாம் வராகன் என்று சொல்லும் பொற்காசு. மூன்று முதல் மூன்றரை ரூபாய் மதிப்புள்ளது. குதிரைப்படையில் இருபத்தைந்து வீரருக்கு ஒரு ஹவல்தார், ஐந்து ஹவல்தாருக்கு ஒரு ஜும்லேதார், பத்து ஜும்லேதாருக்கு ஒரு ஹஜாரி என்பது அடுக்கு. ஜும்லேதாருக்கு ஆண்டுக்கு 500 ஹொன். ஹஜாரிக்கு 1,000. ஐந்து ஹஜாரிகளுக்கு மேலிருந்த பஞ்சஹஜாரிக்கு 2,000. காலாட்படையில் ஜும்லேதாருக்கு 100 ஹொன், ஹஜாரிக்கு 500. ஒரே பதவிப் பெயருக்குள் குதிரைக்கும் காலுக்கும் இத்தனை வேறுபாடு இருந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

சம்பளத்துக்கு மேற்பட்டவற்றுக்கும் விதி இருந்தது. அப்சல் கானை வென்றபின் காயம்பட்ட வீரர்களுக்குக் காயத்தின் தன்மையை ஒட்டி 200, 100, 50, 25 ஹொன் என்று கொடுக்கப்பட்டது. மாண்டவர்க்கு மகன் இருந்தால் அவன் வேலையில் சேர்த்துக்கொள்ளப்பட்டான். மகன் இல்லையென்றால் மனைவிக்குக் கணவன் சம்பளத்தில் பாதி. கொள்ளைப்பொருளில் வீரன் தன்னிச்சையாக எடுத்துக்கொள்ள இடமில்லை. படை புறப்படும்போது ஒவ்வொருவரிடமும் இருப்பதைப் பதிவு செய்தார்கள். திரும்பும்போது மீண்டும் பார்த்தார்கள். பழந்தமிழர் சொன்ன பாதீடு இங்கே கணக்கரின் ஏட்டுக்குள் வந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் இன்றியமையாத விதி ஒன்று உண்டு. படையினருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஊர்களை எழுதிக் கொடுக்கக் கூடாது. கருவூலத்திலிருந்து ரொக்கமாகவோ, குறித்த வருவாயின் மேல் எழுதிய வராத் என்னும் பணச்சீட்டாகவோதான் கொடுக்க வேண்டும். ஊரைக் கொடுத்தால் குடிகள் யாருக்கு அடங்குவது என்ற குழப்பம் வரும். ஊரைப் பெற்றவர் வலுத்துக் கலகம் செய்வார். சிவாஜி நிலமானியமே கொடுத்ததில்லை என்று சிலர் சொல்வது மிகை. ஆனால் கொள்கை எது, விலக்கு எது என்பதில் அவருக்குத் தெளிவிருந்தது.

எழுதப்பட்ட இடம்

மேலே நாம் சொன்ன தொகைகளும் விதிகளும் எங்கிருந்து கிடைக்கின்றன? கிருஷ்ணாஜி அனந்த் சபாசத் என்பவர் எழுதிய மராத்தி உரைநடை வரலாற்றிலிருந்து. சபாசத் பகர் என்று பெயர்பெற்ற அந்நூலே சிவாஜியைப் பற்றிய பகர்களில் மிகப் பழையதாகவும் நம்பத்தக்கதாகவும் அறிஞர்களால் கொள்ளப்படுவது. 1920இல் சுரேந்திரநாத் சென் இதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

நமக்கு இதில் வியப்பளிப்பது அந்நூல் எழுதப்பட்ட இடம். ராய்கட்டிலோ சதாராவிலோ அது எழுதப்படவில்லை. 1690களில், மொகலாயப் படை சூழ்ந்திருந்த காலத்தில், செஞ்சிக் கோட்டையில் எழுதப்பட்டது. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தம் தந்தையின் வரலாற்றை எழுதும்படி பணிக்க, தந்தையின் அவையில் இருந்த மூத்த ஊழியர் எழுதினார். மராத்தியர் செஞ்சியைச் சந்தி என்று அழைத்தனர். மராத்தி உரைநடையின் தொடக்கக்கால நூல்களுள் ஒன்று தமிழ் மண்ணில் ஒரு பாறைமேல் பிறந்தது என்பதைத் தமிழ் இலக்கிய வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

சபாசத் ஏன் ஜும்லேதாரின் சம்பளத்தையும் காயத்துக்குக் கொடுத்த காசையும் இத்தனை துல்லியமாக எழுதினார்? வீரக்கதை சொல்ல வந்தவருக்கு அது தேவையற்றது. அவர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே கோட்டையிலிருந்து, அந்த விதிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டு வந்தன என்பதை அறியும்போது அதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது.

வாக்குறுதி

1689 மார்ச்சில் சம்பாஜி கொல்லப்பட்டார். அதே ஆண்டில் தலைநகர் ராய்கட் மொகலாயர் வசமாயிற்று. ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே தப்பி, வேலூர் வழியாக, நவம்பரில் செஞ்சியை அடைந்தார். சிவாஜியின் மருமகன் ஹர்ஜி மகாதிக் அதுவரை காத்துவந்த கோட்டை இப்போது ஒரு நாட்டின் தலைநகராயிற்று. அரசர் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள். கருவூலம் இல்லை. வரி கொடுக்க வேண்டிய மகாராஷ்டிரக் கிராமங்களில் மொகலாயக் காவற்சாவடிகள் இருந்தன.

காசு வேண்டியபோது கடற்கரை விலைபோயிற்று. 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து நாற்புறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தொலைவுவரை உள்ள ஊர்கள் வாங்கியவர்க்கு உரியவை என்பது ஒப்பந்தம். அந்த ஊர்களைப் பிற்காலத்தில் குண்டு கிராமங்கள் என்றனர். புனித டேவிட் கோட்டை என்று ஆங்கிலேயர் பெயரிட்ட அவ்விடம் பின்னாளில் தமிழகத்தின் வரலாற்றையே மாற்றும் தளங்களுள் ஒன்றாயிற்று. செஞ்சியின் பணமுடையை அகற்ற நடந்த விற்பனை அது.

விற்றுக் கிடைக்கும் காசு எத்தனை நாளைக்குப் போதும்? மகாராஷ்டிரத்தில் போரிடும் தலைவர்களுக்குக் கொடுக்க ராஜாராமிடம் எஞ்சியிருந்தது ஒன்றுதான்: கையில் இல்லாத நிலத்தைப் பற்றிய வாக்குறுதி. நீ மீட்கும் நிலம் உனக்கே என்று செஞ்சியிலிருந்து பத்திரங்கள் புறப்பட்டன. பரம்பரை உரிமையான வதன், வரியில்லா நிலமான இனாம், படை வைத்திருப்பதற்கான சரஞ்சாம் ஆகிய மூன்றும் தாராளமாக வழங்கப்பட்டன. மொகலாயர் பக்கம் போனவர்களைத் திரும்ப அழைக்கவும் இதுவே வழி. ஔரங்கசீப்பும் அதே தலைவர்களுக்கு மன்சபும் வதனும் காட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வீரத்தின் விலை இரு பக்கமும் ஏலத்துக்கு வந்துவிட்டது.

இவ்வாறு வழங்கப்பட்டவற்றுள் ஒன்றை மட்டும் காண்போம். 1691இல் ஹன்மந்தராவ் கோர்படேவுக்கு ஐந்து லட்சம் ஹொன் சரஞ்சாம் வாக்களிக்கப்பட்டது. ராய்கட், பிஜாப்பூர், பாகாநகர் எனப்பட்ட ஹைதராபாத், ஔரங்காபாத் ஆகிய நான்கில் ஒவ்வொன்றையும் வெல்லும்போது 62,500 ஹொன் வீதம் கிடைக்கும். மீதிப் பாதியான இரண்டரை லட்சம் டில்லியைப் பிடித்தபின் கிடைக்கும். கிருஷ்ணாஜி கோர்படேவுக்கு ஒரு லட்சம். அவருக்கும் அதே கணக்கு: நான்கு இடங்களுக்கும் 12,500 வீதம், டில்லிக்கு 50,000.

இந்தப் பத்திரத்தை இரு வகையாகப் படிக்கலாம். தென்கோடியில் ஒரு மலையில் முற்றுகையிடப்பட்ட அரசர் டில்லியைப் பங்கிடுகிறார் என்று நகைக்கலாம். இலக்கு எட்டினால்தான் தொகை என்று பகுத்துப் பகுத்து எழுதியதில் ஒரு நுட்பமான கணக்கரின் கை தெரிகிறது என்றும் சொல்லலாம். கருவூலத்திலிருந்து ஒரு காசும் வெளியே போகவில்லை. ஆயினும் அந்தக் காகிதம் குதிரைகளைத் திரட்டியது. சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் போன்றோர் தலைமையில் இத்தகைய படைகள்தாம் மொகலாயப் பேரரசை நிலைகுலையச் செய்தன. ராஜாராமின் முறை வெற்றி பெற்றது என்பதை நாம் மறுக்க முடியாது.

விலையைப் பின்வந்தவர்கள் கொடுத்தார்கள். சம்பளக்காரராக இருந்தவர் பங்காளி ஆனார். இடமாற்றம் செய்யத்தக்க அதிகாரி பெயர்க்க முடியாத நிலக்கிழார் ஆனார். ராஜாராம் தெற்கே இருந்தபோது மகாராஷ்டிரத்தில் போரை நடத்தியவர் ராமச்சந்திர பந்த் அமாத்யர். அவரே சுமார் கால் நூற்றாண்டுக்குப்பின் 'ஆக்ஞாபத்திரம்' என்ற அரசியல் நூலில், வதன்தாரர்கள் சிறிய அளவில் நாட்டின் பங்காளிகளே என்றும், புதிய வதன்களைக் கொடுப்பதில் அரசன் மிக எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். பட்டறிந்தவரின் சொல் அது. பதினெட்டாம் நூற்றாண்டில் மராத்தியப் பேரரசு பல குடும்பங்களின் கூட்டாட்சியாகப் பிரிந்துபோனதன் வேர்களுள் ஒன்று செஞ்சியில் எழுதப்பட்ட இந்தப் பத்திரங்களில் இருக்கிறது.

இந்தப் பின்னணியில் சபாசத்தின் நூலைத் திரும்பப் படித்தால், ஊர்களை எழுதிக் கொடுக்காதே என்ற விதி பழம்பெருமையாக மட்டும் ஒலிக்கவில்லை. மகனுக்கு முன்னால் தந்தையின் கணக்கேட்டை விரித்து வைக்கும் ஒரு மூத்த ஊழியரின் குரலும் அதில் கேட்கிறது. இது நம் ஊகமே. ஆனால் நூல் எழுதப்பட்ட இடமும் காலமும் இந்த ஊகத்துக்குத் துணை நிற்கின்றன.

மதிலுக்கு வெளியே

முற்றுகையிட்டவர்களின் நிலை என்ன? 1690இல் சுல்பிகர் கான் செஞ்சிக்கு முன்னால் வந்து இறங்கினார். பிறகு அவர் தந்தையும் பேரரசின் முதலமைச்சருமான அசத் கானும், ஔரங்கசீப்பின் மகன் காம் பக்ஷும் வந்து சேர்ந்தனர். மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் முழுமையாகச் சூழ்வதற்கு அவர்களிடம் ஆள் போதவில்லை.

மொகலாய ஊழியர்களுக்குச் சம்பளம் மன்சப் என்ற தரவரிசையால் நிர்ணயிக்கப்பட்டது. ஜாத் என்ற எண் அவருடைய தகுதியையும் தனிச்சம்பளத்தையும் குறிக்கும். சவார் என்ற எண் அவர் வைத்திருக்க வேண்டிய குதிரை வீரர்களைக் குறிக்கும். தொகை தாம் என்ற கணக்கு நாணயத்தில் எழுதப்படும். 40 தாம் ஒரு ரூபாய். பெரும்பாலோர்க்கு அத்தொகை காசாக வருவதில்லை. அந்த அளவு வரி வரக்கூடிய ஊர்களின் வருவாய் உரிமை ஜாகீராகக் கிடைக்கும். ஜாகீர் பரம்பரையாகத் தொடராது. சில ஆண்டுகளில் மாற்றப்படும். ஜாகீர்தார் இறந்தால் அரசுக்குத் திரும்பும்.

ஏட்டில் இது நல்ல ஏற்பாடு. யாரும் வேர்விட முடியாது. ஆனால் நாளை மாற்றப்படுவோம் என்று தெரிந்தவருக்கு ஏரியின் கரையை உயர்த்தவோ பஞ்சத்தில் வரியைத் தள்ளவோ என்ன அக்கறை இருக்கும்? இருக்கும் காலத்துக்குள் கறந்துவிட வேண்டும் என்பதே மனநிலை. ஏட்டில் எழுதிய வருவாய்க்கும் கைக்கு வந்த வருவாய்க்கும் இடைவெளி ஆண்டுதோறும் அகன்றது. தக்காணத்தை வெல்ல வெல்லப் புதிய மன்சப்தார்கள் கூடினார்கள். கொடுக்க நிலம் இல்லை. போர் நடக்கும் பகுதியில் ஜாகீர் பெற்றவருக்கு அது வெறும் காகிதமே.

இந்த அவலத்தை நேரில் கண்டு எழுதியவர் பீம்சேன் சக்சேனா. முற்றுகையில் பங்குகொண்ட தல்பத் ராவ் புந்தேலாவிடம் செயலாளராக இருந்தவர். அவருடைய பாரசீக நூலான 'நுஸ்கா-இ-தில்குஷா' செஞ்சி முற்றுகைக்கு முதன்மையான சான்றுகளுள் ஒன்று. ஜாகீர்தாரின் முகவர்கள் குடியானவரைக் கசக்குவதையும், அப்படியும் ஜாகீர்தார் கையில் போதிய பணம் சேராததையும் அவர் பதிவு செய்கிறார். சுல்பிகர் கான் விரும்பியிருந்தால் கோட்டையை எப்போதோ பிடித்திருப்பார்; போரை நீட்டிப்பது படைத்தலைவர்களின் வழக்கம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. முற்றுகை நீளும்வரை பதவியும் படையும் பணவரவும் கையில் இருக்கும். முடிந்தால் வேறு எங்கோ மாற்றல் வரும். இந்தக் கணக்கு சுல்பிகர் கானின் மனத்தில் ஓடியிருக்காது என்று சொல்வதற்கில்லை.

1692ஆம் ஆண்டு இறுதியில் மராத்தியப் படைகள் உணவு வரும் வழிகளை அடைத்தன. முகாமில் பஞ்சம் வந்தது. காம் பக்ஷ் ராஜாராமுடன் இரகசியமாகத் தொடர்பு வைத்திருக்கிறார் என்று அவரைச் சிறைவைக்கும் அளவுக்குத் தலைமையில் பிளவு முற்றியது. படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. பணத்துக்காக 1694இல் சுல்பிகர் கான் தஞ்சைமேல் சென்று மன்னர் ஷாஹஜியிடம் திறை பெற்றார். செஞ்சியின் முன் நின்ற படைக்குச் சோறு தஞ்சை வயல்களிலிருந்தும் வந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். உள்ளே இருந்தவர்க்கும் வெளியே இருந்தவர்க்கும் சம்பளம் கொடுத்தவர் கடைசியில் குடியானவரே.

தப்பியதன் விலை

1697ஆம் ஆண்டு இறுதியில் ராஜாராம் கோட்டையிலிருந்து தப்பினார். அது நிகழ்ந்த விதத்தை மராத்திய மரபு இவ்வாறு கூறுகிறது. மொகலாயர் பக்கம் இருந்த கணோஜி ஷிர்கே சிவாஜியின் மருமகன். கொங்கணத்துத் தாபோல் வதன் தம் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை என்பது ஷிர்கேக்களின் நெடுநாள் குறை. அதுவே அவர்கள் பக்கம் மாறியதற்குக் காரணங்களுள் ஒன்று. ராஜாராமைத் தப்பவிட அவர் கேட்ட விலையும் அந்த வதன்தான். அது அப்போது ராஜாராமின் செயலாளர் கண்டோ பல்லாள் வசம் இருந்தது. அரசர் உயிர் தப்ப அவர் தம் உரிமையை எழுதிக் கொடுத்தார்.

சிவாஜி கொடுக்கத் தயங்கிய வதன் அவர் மகனின் உயிருக்கு ஈடாகக் கைமாறியது என்பதில் இந்த வரலாற்றின் முழு வளைவும் அடங்கியிருக்கிறது. 1698ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. நுஸ்ரத் ஜங் என்ற பட்டமுடைய சுல்பிகர் கானின் பெயரால் அது நுஸ்ரத்கட் ஆயிற்று.

தேசிங்கின் நிலுவை

இனி நாம் தேசிங்கு ராஜனிடம் வரலாம். 1700இல் ஸ்வரூப் சிங் என்ற புந்தேலா ராஜபுத்திரர் செஞ்சியின் கில்லேதாராக அமர்த்தப்பட்டார். கோட்டைக் காவலுக்காக அவருக்கு மன்சபும் ஜாகீரும் கிடைத்தன. புந்தேல்கண்டிலிருந்து வந்தவர்க்குச் செஞ்சி தொலைதூரப் பணியிடம். டில்லி தளர்ந்துகொண்டிருந்ததால் அவரை யாரும் மாற்றவில்லை. பதினான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்தார். ஆற்காட்டுக்குச் செலுத்த வேண்டிய தொகையும் செலுத்தப்படாமல் சேர்ந்தது.

1714இல் அவர் இறந்தபோது மகன் தேஜ் சிங் தந்தையின் இடத்தில் அமர்ந்தார். தமிழ் நாவில் தேசிங்கு ஆனவர் அவர்தான். வயது ஏறத்தாழ இருபத்திரண்டு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் இரண்டு கேள்விகளை எழுப்பினார். ஒன்று, நிலுவை எங்கே? மற்றொன்று, பேரரசரின் புதிய ஆணை எங்கே? ஜாகீரும் கில்லேதாரியும் மகனுக்குத் தாமாக இறங்குவன அல்ல. தேசிங்கோ தந்தையின் கோட்டை தனதே என்று நம்பினார். 1714 அக்டோபர் 3 அன்று போரில் மாண்டார். உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகவே ராணிப்பேட்டை என்ற ஊர் எழுந்தது என்பது வழங்கிவரும் செய்தி.

கதைப்பாடல் இதைக் கப்பம் கேட்டவனுக்கும் தர மறுத்தவனுக்கும் நடந்த மானப்போராகப் பாடுகிறது. ஆவணங்களின்வழி இதை ஆராய்ந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியார், 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில், நிலுவையையும் ஆணையையும் பற்றிய வழக்கை விரிவாகத் தருகிறார். இவ்விரண்டில் ஒன்றை மெய்யென்றும் மற்றதைப் பொய்யென்றும் தள்ள நமக்கு மனம் இல்லை. நவாப் சொன்னது சட்டம். இளைஞன் பேசியது அவன் வளர்ந்த மண்ணின் உரிமை. மாற்றத்தக்க பணியிடத்தில் ஒரு தலைமுறை மாற்றப்படாமல் இருந்துவிட்டால் அது வீடாகிவிடும். அதன்பின் வரும் மாற்றலாணை வெளியேற்றமாகத்தான் தெரியும். பணிக்காகப் பெயர்ந்து வாழ்ந்த குடும்பங்களில் பிறந்த எவருக்கும் இது விளங்கும்.

எஞ்சியவை

1750 செப்டம்பரில் பூஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தனர். அவர்களுக்கு அது அச்சமூட்டும் பணியிடமாயிற்று. நோயும் தட்பவெப்பமும் சேர்ந்து பத்தாண்டுகளில் 1,200 ஐரோப்பிய வீரர்களை மாய்த்ததாக வரலாற்றாசிரியர் ஆர்ம் எழுதுகிறார். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் கோட்டையின் இராணுவ முக்கியத்துவம் மெல்ல மறைந்தது.

ரொக்கம் கொடுத்து இடம் மாற்றியது ஒரு முறை. நிலத்தை வாக்களித்துப் பங்காளியாக்கியது ஒரு முறை. வருவாயை எழுதிக் கொடுத்து வேர்விடாமல் பார்த்துக்கொண்டது மூன்றாவது முறை. முதலாவது நேர்மையானது, ஆனால் நிரம்பிய கருவூலம் இருந்தால்தான் நடக்கும். இரண்டாவது வெறுங்கையோடு போரை வென்றது; வென்ற நாட்டைப் பின்னர் கூறு போட்டது. மூன்றாவது அரசனின் அதிகாரத்தைக் காத்தது. ஊழியனுக்கும் ஊருக்கும் இடையே பற்று வளர விடவில்லை. இம்மூன்றையும் ஒரே மலை முப்பத்தேழு ஆண்டுகளுக்குள் கண்டது.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியின் கற்கள் இடம்பெற்றதில் நமக்கு மகிழ்ச்சியே. அக்கற்களின் நடுவே எழுதப்பட்ட ஒரு நூலையும் அதோடு சேர்த்து நினைவுகூர வேண்டும் என்பது நம் விருப்பம். காயம்பட்டவனுக்கு எத்தனை ஹொன், கைம்பெண்ணுக்கு எத்தனை பங்கு என்று எழுதிவைத்த சபாசத், அரசுகள் தம் ஊழியர்க்குச் செய்யக் கடமைப்பட்டதை மறந்துவிடாமலிருக்க எழுதினார் என்றே நாம் கொள்கிறோம். செஞ்சிக்குச் செல்லும் நண்பர்கள் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். நெற்களஞ்சியங்களின் உள்ளேயும் சற்று நேரம் நின்று பார்க்கலாம். அங்கே அளந்து போட்ட படியின் பலத்தில்தான் மேலே இருந்த மதில்கள் நின்றன.